மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குத் துணை நிற்பது: கோலாலம்பூரில் புதிதாக உதவ வருபவர்களுக்கு

டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த பெரியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஆள்தான். மகளாக இருக்கும், மருமகளாக இருக்கும், எழுபதைத் தாண்டிய மனைவியாகவும் இருக்கும். சுகாதார அமைச்சின் 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, 60 வயதைக் கடந்த மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று காட்டியது. செந்தூலிலோ செராசிலோ எந்த அடுக்குமாடியை எடுத்தாலும் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லார் வீட்டிலும் இப்படி ஒருவர் கதவுக்குப் பின்னால் இருப்பார்.

ஆலயத்து மகளிர் குழு, ருக்குன் தெத்தாங்கா, குடியிருப்போர் சங்கம், அல்லது வெறும் பக்கத்து வீட்டார் என்ற முறையில் அவருக்கு உதவ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். நோயைப் பற்றிக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு முதலில் வேண்டியது நேரம். வாரத்தில் ஒரு நாள், சொன்ன மணிக்கு, அந்த வீட்டு வழக்கம் தெரிந்த ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஆலோசனை, துண்டுப்பிரசுரம், கூட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் சந்திப்பு

போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலை 10 மணியிலிருந்து 11.30 வரை நல்ல நேரம். குளித்துப் பசியாறி, நோயாளி ஓரளவு தெளிவாக இருப்பார். மாலை 5 மணிக்குமேல் வேண்டாம். பல வீடுகளில் அப்போதுதான் படபடப்பு ஏறும். இருவராகப் போங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். வெறுங்கையோடு போக மனம் வராவிட்டால் நறுக்காத பழம் வாங்கிக்கொள்ளுங்கள். நம் வீட்டில் செய்த பலகாரத்தை ஒரு மலாய்க் குடும்பம் வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் சங்கடப்படும். நீரிழிவு இருக்கும் வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோனால் அதை ஒளித்து வைப்பதே ஒரு வேலையாகிவிடும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் நோயாளியிடம் பேசுங்கள். அவருக்கு முன்னால் அவரைப் பற்றி 'இவங்க அவங்க' என்று பேசாதீர்கள். சொல் புரியாவிட்டாலும் தொனி புரியும். அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள்: அப்பத்தா, நேனேக், போ போ.

பிறகு பார்த்துக்கொள்பவரிடம் வாருங்கள். "எப்படி இருக்கீங்க?" என்றால் "ஏதோ இருக்கேன்" என்றுதான் பதில் வரும். பிடித்துக்கொண்டு பேசக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? கடைசியா எப்போ தனியா வெளியே போனீங்க? உங்க பிரஷர் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? நீங்க காய்ச்சல்ல படுத்தா யாரு வருவாங்க? அம்மா எப்பவாவது கை ஓங்கினாங்களா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சமையலறைப் பக்கம் போய், தாழ்ந்த குரலில் கேளுங்கள். பெற்றவர் கையால் அடி வாங்குவதை யாரும் தானாகச் சொல்வதில்லை. எந்த இனத்து வீட்டிலும் அது மானப் பிரச்சினை.

"கூடப் பிறந்தவங்க யாரும் எட்டிப் பார்க்கிறதில்லையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் காயத்தை முதல் நாளே கிளறினால் இரண்டாவது நாள் கதவு திறக்காது. முதியோர் இல்லத்தைப் பற்றியும் நாட்டு மருந்தைப் பற்றியும் வாய் திறக்காதீர்கள். "உங்க ஆளுங்க பெத்தவங்களை நல்லா பார்த்துக்குவாங்களே" என்பது பாராட்டாகத் தோன்றும். களைத்துப் போனவரின் வாயை அது அடைத்துவிடும்.

வீட்டுத் தாள்

இரண்டாவது சந்திப்பில், பார்த்துக்கொள்பவர் சொல்லச் சொல்ல ஒரே ஒரு ஏ4 தாளில் எழுதுங்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவது நல்லது. நோயாளிக்கு என்ன நோய் என்பதைவிட அவர் யார் என்பது அதில் இருக்க வேண்டும்.

ஒரு தமிழ் வீட்டுத் தாள் இப்படி இருக்கலாம்: 'அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். காலை 4.30க்கு எழுந்து பெரட்டுக்குப் போகணும் என்பார். தடுத்தால் கோபம் வரும். தொப்பியைக் கொடுத்து, கோப்பி ஓ கோசோங் கலக்கிக் கையில் கொடுத்து, "லோரி இன்னும் வரலைங்க" என்றால் உட்கார்ந்துவிடுவார். இடது காது கேட்காது. பல் செட் இரவில் கழற்ற வேண்டும். சிறுநீர் வந்தால் சொல்ல மாட்டார், சட்டை நுனியை இழுப்பார்.' சட்டை நுனியை இழுக்கும் அந்த ஒரு வரி தெரியாததால்தான் பல உதவியாளர்கள் முதல் நாளிலேயே தரையைத் துடைக்க நேர்கிறது. பார்த்துக்கொள்பவருக்கு அது பழகிப்போனதால் சொல்லத் தோன்றாது. 'வயித்து வலின்னா என்ன செய்வார், பசின்னா என்ன செய்வார், பாத்ரூம் போகணும்னா என்ன செய்வார்' என்று ஒவ்வொன்றாக நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தாளின் கீழ்ப்பகுதியில் மாத்திரைகளின் பெயரும் வேளையும், ஒவ்வாமை, அடையாள அட்டை எண், சிகிச்சை பெறும் மருத்துவமனை, அழைக்க வேண்டிய இரண்டு தொலைபேசி எண்கள், கிரில் கதவுப் பூட்டின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. அந்தச் சாவி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வெளியே ஓடிவிடுவார் என்று நோயாளியை உள்ளே வைத்துக் கிரில்லைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவது இங்கே சர்வ சாதாரணம். உள்ளே அடுப்பு பற்றிக்கொண்டால் பக்கத்து வீட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நம்பிக்கையான இரண்டு வீடுகளில் மாற்றுச் சாவி இருக்கட்டும். வெளியே போகும்போது எரிவாயுத் தோம்பின் ரெகுலேட்டரை மூடும் பழக்கம் வரட்டும்.

மொழி

மலேசியத் தமிழர்களான நமக்கு மலாய் நன்றாக வரும். அதை வைத்தே எந்த வீட்டிலும் சமாளித்துவிடலாம் என்று நினைப்போம். மறதி நோயில் அது பல சமயம் நடக்காது. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி கடைசிவரை தங்குவது பலரிடம் காணப்படுகிறது. ஐம்பது ஆண்டுகள் புடு சந்தையில் மலாய் பேசி வியாபாரம் செய்த ஒரு சீன மூதாட்டி, இப்போது கான்டோனிஸ் தவிர எதற்கும் தலையசைக்காமல் இருக்கலாம். இந்தியர் என்றால் தமிழ்தான் என்றும் எண்ணிவிடாதீர்கள். தெலுங்கோ மலையாளமோ பஞ்சாபியோ அவர் தாய்மொழியாக இருக்கலாம்.

பத்துச் சொற்கள் போதும்: தண்ணீர், சாப்பாடு, வலி, கழிப்பறை, தூக்கம், உட்காருங்கள், பயப்படாதீர்கள், இதோ வந்துவிடுவார், சரி, நன்றி. கான்டோனிஸில் 'சேக் ஃபான்' என்றால் சாப்பிடுவது, 'யாம் சோய்' என்றால் தண்ணீர் குடிப்பது. எழுதிவைத்துப் படித்தால் ஏற்ற இறக்கம் தவறிவிடும். பார்த்துக்கொள்பவரையே பேசச் சொல்லி உங்கள் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். நோயாளி பதறும்போது மகளின் குரலில் "அம்மா, நான் கடையில இருக்கேன், வந்துடுறேன்" என்று ஒலிக்கவிட்டாலே பலர் அடங்கிவிடுவார்கள். தமிழ் வீட்டுக்கு மலாய்க்காரரோ சீனரோ உதவ வந்தால் அவர்களுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்துகொடுங்கள். 'வலிக்குதா', 'ஒன்னுக்குப் போகணுமா' இரண்டும் கட்டாயம் இருக்கட்டும்.

சாப்பாடு, வழிபாடு, உடல் மானம்

வீட்டார் எடுத்து வைத்ததை மட்டும் கொடுங்கள், அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே கொடுங்கள். வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி, சீன நாட்காட்டி மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம், ஹலால், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி என்று எத்தனையோ கட்டுப்பாடுகள். நோயாளியே மறந்துபோய்க் கேட்டாலும் அவர் வாழ்நாளெல்லாம் தொடாததைக் கொடுக்காதீர்கள். ரமலானில் மறதி நோயுள்ள முஸ்லிம் பெரியவர் நோன்பிருக்கப் பிடிவாதம் பிடிக்கலாம், சாப்பிட்டதை மறந்து நோன்பில் இருப்பதாகவும் சொல்லலாம். அதைக் குடும்பமும் மருத்துவரும் தீர்மானிக்கட்டும். நீரிழிவு மாத்திரை போட்ட பிறகு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார் என்பதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்திருங்கள்.

ஊட்டும்போது நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கியதும் அடுத்த வாய். முடிந்த பிறகு அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறார், சாப்பிட்டதும் குரல் ஈரமாகிக் கரகரக்கிறது என்றால் வீட்டாரிடம் சொல்லுங்கள். விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வழிபாடு கடைசிவரை நிற்கும் பழக்கங்களில் ஒன்று, அதைத் தடுக்காதீர்கள். முஸ்லிம் பெரியவர் தொழுததை மறந்து திரும்பத் திரும்பத் தொழுவார், ரக்காஅத்தை (தொழுகையின் சுற்றை) எண்ணத் தவறுவார். திருத்த வேண்டாம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடம் ஈரமாவதுதான் ஆபத்து. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் காலைத் துடைக்க உலர்ந்த துணியும் போதும். நம் வீடுகளில் காமாட்சி விளக்கும் தீப்பெட்டியும், சீன வீடுகளில் ஊதுபத்தியும் கவனிக்க வேண்டியவை. மின்கல விளக்கு வைத்துவிட்டு, திருநீற்றுத் தட்டை மட்டும் கைக்கெட்டும்படி விடலாம்.

குளிப்பாட்டுவது உதவியாளர் வேலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாச் சமூகத்திலும் அது குடும்பத்தாரிடமோ பயிற்சி பெற்றவரிடமோ இருக்க வேண்டியது. ஆனால் குளிக்க மறுக்கும் நோயாளியால் திணறும் மகளுக்கு இந்த யோசனைகளைச் சொல்லலாம்: தலையில் தண்ணீர் ஊற்றாமல் காலிலிருந்து தொடங்கலாம்; கைலியைக் கழற்றாமல் அதன் மேலேயே ஊற்றி, துடைத்த பிறகு மாற்றலாம்; தினமும் வேண்டாம், வாரம் மூன்று நாள் குளியலும் மற்ற நாட்களில் ஈரத் துணியும் போதும். ஷவர் சத்தமே சிலருக்குப் பயம். வாளியும் காயோங்கும் அவர்களுக்குப் பழகியவை. சேலை கட்டும் பாட்டிகளுக்குக் கொசுவம் தடுக்கி விழும் அபாயம் உண்டு. ஒரே நாளில் நைட்டிக்கு மாற்றினால் மானம் போனதாக அழுவார்கள். நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டால் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அந்த இரண்டு மணி நேரம்

முதல் வாரம் பார்த்துக்கொள்பவர் வீட்டிலேயே இருக்கட்டும், வேறு அறையில். இரண்டாம் வாரம் கீழே கடைவரை போய்வரட்டும். மூன்றாம் வாரம் முழு இரண்டு மணி நேரமும் வெளியே போகட்டும். அவசரப்பட்டு முதல் நாளே அவரை அனுப்பிவைத்தால், நோயாளி அலறி, அவர் பதறி ஓடிவந்து, இனி யாரும் வேண்டாம் என்ற முடிவில் போய் நிற்கும். அந்த நேரத்தில் அவர் தூங்கினாலும் சரி, தலைக்குச் சாயம் போட்டாலும் சரி, எதற்குப் பயன்படுத்தினார் என்று கேட்காதீர்கள்.

நோயாளியோடு என்ன செய்வது? கைக்கு வேலை கொடுங்கள். வெங்காயத் தோல் உரிப்பது, துண்டு மடிப்பது, சில்லறைக் காசைப் பிரிப்பது, பூ கட்டுவது. சரியாக வர வேண்டும் என்பதில்லை. "இது யாரு சொல்லுங்க பார்ப்போம்" என்று படத்தைக் காட்டிப் பரீட்சை வைக்காதீர்கள். "இது உங்க கல்யாணப் படம், புடவை நல்லா இருக்கு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்று விஷயங்கள் கட்டாயம் நடக்கும். ஒரே கேள்வியை நூறு முறை கேட்பார். முதல் முறை கேட்டது போலவே பதில் சொல்லுங்கள், பதில் போதவில்லை என்றால் கேள்விக்குப் பின்னால் பசியோ பயமோ இருக்கும். "என் வளையலைத் திருடிட்டே" என்பார். மறுத்து வாதாடாமல் "வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று எழுந்துவிடுங்கள். தலையணை உறை, அரிசிப் பானை, பழைய பிஸ்கட் டின் எல்லாம் பாருங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்பார், வீட்டில் இருந்துகொண்டே. "இதுதானே உங்க வீடு" என்று சொன்னால் படபடப்பு கூடும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், கிணறு எங்கே, பசு இருந்ததா என்று கேட்டால் பேச்சு அங்கே போய்விடும்.

கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 7 மணியிலிருந்து 7.30க்குள் இருட்டிவிடும். நிழல் நீளும் அந்த நேரம்தான் பலருக்குக் கலக்கம் கூடும். 6.30க்கே எல்லா விளக்கையும் போட்டு, தொலைக்காட்சிச் செய்தியை நிறுத்தச் சொல்லுங்கள்.

மாத்திரை கொடுப்பது, பணம் கையாள்வது, வங்கி அட்டையைத் தொடுவது மூன்றையும் உதவியாளர் செய்யக் கூடாது. ஒரு வளையல் காணாமல் போனால் குழுவின் பெயரே போய்விடும். ஆணும் நோயாளிப் பெண்ணும் தனித்திருக்க வேண்டாம் என்பதையும் எல்லா வீட்டுக்கும் பொது விதியாக வைத்துவிடுங்கள். மலாய் வீட்டில் அதைத் தனியாக எடுத்துச் சொல்ல நேராது.

திடீர் மாற்றம்

மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஏறும். நேற்றுவரை நடந்தவர் இன்று எழவில்லை, ஒரே நாளில் பிதற்றுகிறார், பகலெல்லாம் மயங்கிக் கிடக்கிறார் என்றால் அது வேறு ஏதோ. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், நுரையீரல் தொற்று, டிங்கி, சர்க்கரை இறங்குவது, விழுந்து தலையில் பட்ட அடி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. 'நோய் முற்றிடுச்சு' என்று வீட்டிலேயே வைத்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முகம் கோணி, கை துவண்டு, பேச்சு குழறினால் நேராக 999.

மருந்துக் கடையில் சளிக்கு வாங்கும் பிரிட்டான் போன்ற பழைய வகை மாத்திரைகள் மறதி நோயாளியின் குழப்பத்தைக் கூட்டும். தூக்க மாத்திரையோ, நோயாளி விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயத்தைக் கூட்டும். சாப்பிட்டதை மறந்து நீரிழிவு மாத்திரையை இரண்டாவது முறை விழுங்குவது அடிக்கடி நடப்பது. வாரப் பெட்டியில் பிரித்து வைத்தால் மட்டும் போதாது, பெட்டியே பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லையா?

நோய் என்னவென்று யாரும் சொல்லாமலே பல வீடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கச் சொல்லுங்கள். மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யலாம். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், சிறுநீரகம் பார்ப்பார்கள். தைராய்டு குறைவும் பி12 குறைவும் மறதி போலவே தோன்றும், சரிசெய்யக்கூடியவை. நம்மவர்களுக்கு இது முக்கியம்: பல ஆண்டு மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை எடுத்தவருக்கும் சுத்த சைவருக்கும் பி12 குறையும் வாய்ப்பு அதிகம். மனச்சோர்வும் மறதியாக முகம் காட்டும்.

கிளினிக்கிலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், செராசிலுள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை ஆகியவற்றின் முதியோர் மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். மருத்துவர் முன்னால் நோயாளி பளிச்சென்று பேசிவிடுவார், கூட வந்த மகள் பொய் சொல்வது போல ஆகிவிடும். ஆகவே தேதியோடு ஒரு பக்கக் குறிப்பும், வீட்டில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியும் கொண்டுபோகச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகாதவர், மலாயோ ஆங்கிலமோ தெரியாதவர் என்றால் அதை முதலில் சொல்ல வேண்டும். தெரியாத மொழியில் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதற்காக மதிப்பெண் குறைந்துவிடக் கூடாது. மொழிபெயர்க்க உடன் போகிறவர், தாத்தாவுக்காகத் தானே பதில் சொல்லிவிடவும் கூடாது.

காகித வேலை

பலரும் தாமதிப்பது இங்கேதான், அதன் விலையும் பெரிது. மலேசியச் சட்டத்தில், கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்ததும் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த சாதாரண அதிகாரப் பத்திரம் செல்லாமல் போய்விடும். சிங்கப்பூரில் இருப்பது போல, திறன் போன பிறகும் செல்லுபடியாகும் நீடித்த அதிகாரப் பத்திரம் இங்கே கிடையாது. திறன் போன பிறகு வீட்டையோ வங்கிக் கணக்கையோ தொட வேண்டுமென்றால் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதற்குக் காசும் மாதங்களும் ஆகும். ஆகவே நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போதே, அவருக்கே புரிந்து சம்மதிக்கும் நிலையில், சேமநிதி வாரிசு நியமனம், கூட்டு வங்கிக் கணக்கு, உயில் மூன்றையும் வழக்கறிஞரிடம் பேசி முடித்துவிடச் சொல்லுங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்குச் சொத்துரிமை விதிகள் வேறு, நம் அனுபவத்தை அங்கே சொல்லிக் குழப்பக் கூடாது.

ஓகேயு என்னும் மாற்றுத்திறனாளி அட்டைக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்கலாம். மனநலப் பிரிவில் பதிய, மனநலச் சிகிச்சையில் குறைந்தது 2 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பக்கவாதத்தால் வந்த மறதியில் கைகால் விளங்காமல் போயிருந்தால் உடல் குறைபாட்டுப் பிரிவில் அதற்கு முன்பே பதியலாம், மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வருமானம் குறைந்த முதியோருக்கும், படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் அதே இலாகாவில் தனித்தனி மாதாந்தர உதவி இருக்கிறது. படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து புண் கட்டி, குழாய் மாற்றும் சேவை பற்றிச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்கலாம்.

வருமான வரி கட்டும் பிள்ளைகள், பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு 2021 வரி ஆண்டிலிருந்து 8,000 ரிங்கிட் வரை கழிவு கேட்க முடிகிறது. கவனிப்பு தேவை என்ற மருத்துவர் சான்றும் ரசீதும் வேண்டும். வரி கட்டுபவரோ அவர் துணைவரோ பிள்ளையோ பார்த்துக்கொள்வதற்கான கூலியை இதில் காட்ட முடியாது. ஊரில் இல்லாத அண்ணன்மார் பணமாகப் பங்கெடுக்க இது ஒரு நல்ல தூண்டுதல்.

நோயாளியின் கைப்பேசிக்கு மோசடி அழைப்புகள் வரும். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அழைக்க வேண்டும். மறுநாள் வரை யோசித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

காணாமல் போனால்

24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. எந்தக் காவல் நிலையத்திலும் உடனே புகார் கொடுக்கலாம். தினமும் காலையில் உடுத்திவிட்டதும் முழு உருவப் படம் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 'என்ன சட்டை போட்டிருந்தார்' என்ற கேள்விக்குப் பதற்றத்தில் யாருக்கும் பதில் வராது. சட்டைக்குள் பெயரும் தொலைபேசி எண்ணும் தைத்து வையுங்கள். தேடும்போது மாடிப்படி, மின்தூக்கி, கார் நிறுத்துமிடம், கால்வாய் ஓரம் முதலில்; பிறகு பழைய வேலையிடம், பழைய வீடு, கோயில், சூராவ், பேருந்து நிறுத்தம். மூன்று இனத்தாரும் இருக்கும் குழுவுக்கு இங்கே பெரிய பலன் இருக்கிறது. மாமாக் கடை, கோப்பிதியாம், சூராவ் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தகவல் போகும்.

மாதக் கூட்டம்

ஐந்தாறு வீடுகள் ஆனதும் அவர்களை ஒன்றுசேர்க்கலாம். ஆறிலிருந்து பத்துப் பேர், இரண்டு மணி நேரம், மாதம் ஒருமுறை. ஆலய மண்டபம் நமக்கு வசதி, ஆனால் மற்றவர்கள் தயங்குவார்கள். அடுக்குமாடியின் பொது மண்டபமோ ருக்குன் தெத்தாங்கா அறையோ எல்லார்க்கும் பொது. வெள்ளிக்கிழமை நண்பகலும் மஹ்ரிப் நேரமும் வேண்டாம். ஹலால் கடையில் வாங்கிய சைவ உணவு, ஒருமுறை பயன்படுத்தும் தட்டு. இதோடு சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது.

பெரும்பாலான கூட்டங்கள் படுத்துப்போவது ஒரே காரணத்தால்: வருகிறவர் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பேச்சாளரைத் தேடுவதற்கு முன் அந்த ஆட்களைத் தேடுங்கள். கூட்டத்தில் மலாய் பொது மொழியாக இருக்கட்டும். அழ நேரும்போது அவரவர் மொழியில் பேசட்டும், பக்கத்திலிருப்பவர் சுருக்கிச் சொல்லலாம். வாட்ஸ்அப் புலனக் குழுவில் அற்புத மருந்துச் செய்திக்கும் நோயாளியின் படத்துக்கும் இடமில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரல் பதிவும் அனுப்புங்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மலேசிய அல்சைமர் நோய் அறவாரியம் பகல் பராமரிப்பும் குடும்பத்தாருக்கான வழிகாட்டலும் நடத்துகிறது. சமூக நல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்கள் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்குப் பொருந்தலாம். அலைந்து திரியும் நிலையில் உள்ளவரைப் பார்த்துக்கொள்ள அங்கே ஏற்பாடு இருக்காது.

அவர் உடைந்துபோகும் போது

நான்கு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம் வாரக்கணக்கில் தொடர்வது, தன் மருத்துவர் சந்திப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவது, நோயாளியைக் கையால் அழுத்திப் பிடித்த தழும்பு, "நான் போயிட்டா தேவலை" என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் வாரம் ஒரு நாள் போதாது. கூடுதல் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் பேசுங்கள். உயிரை விடும் பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். மனம்விட்டுப் பேச அழைக்கக்கூடிய எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் சேவை 15555. கோபத்தில் அடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் தீர்ப்பு சொல்லாமல், அன்றிரவே நோயாளியை வேறு யார் பார்த்துக்கொள்ள முடியும் என்று கேளுங்கள்.

உடன்பிறந்தவர்களைக் கூட்டிப் பேச அவர் கேட்டால் மட்டும் உதவுங்கள். 'எல்லாரும் பார்த்துக்கணும்' என்ற பேச்சு பத்து நிமிடத்தில் சண்டையாகும். வேலையைப் பிரித்து எழுதுங்கள்: டயப்பர் காசு யார், மருத்துவமனை யார், மாதத்தில் எந்த இரண்டு சனி ஞாயிறு யார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி இரவில் கண்விழிக்க முடியாது; இரவு ஆளுக்குச் சம்பளம் கட்ட முடியும்.

நோயாளி காலமான பிறகும் சில மாதங்கள் போய்வாருங்கள். தமிழ் வீட்டில் பதினாறாம் நாள், மலாய் வீட்டில் நாற்பதாம் நாள், சீன வீட்டில் நாற்பத்தொன்பதாம் நாள் வரை ஆட்கள் வந்துபோவார்கள். அதற்கடுத்த வாரம்தான் வீடு வெறிச்சோடும், உங்கள் நாளை அங்கே வையுங்கள். புலனக் குழுவிலிருந்து அவர் எண்ணை நீங்களாக எடுத்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் டயப்பர், சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி எல்லாம் இன்னொரு வீட்டுக்கு உதவும்தான், ஆனாலும் அவராகச் சொல்லும்வரை அதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.